வாசிப்பை விட்டவர்கள் ஏன் விட்டார்கள்? – மின்நூல் கருவி பற்றிய கேள்விக்கு விளக்கம்

வணக்கம். பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் அனுப்பிய கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். "மின்நூல் கருவியில் நிறையப் புத்தகங்களை வைத்துக்கொள்ளலாம், அலமாரி தேவையில்லை, விலையும் குறைவு என்பதெல்லாம் விளம்பரத்திலேயே வருகிறது. வாங்கும்போது நீங்கள் நினைத்தே பார்க்காமல், பயன்படுத்தத் தொடங்கிய பிறகு கிடைத்த நன்மை என்று ஏதாவது உண்டா?" என்று கேட்டிருக்கிறார். நான்கு நாட்களாக இந்தக் கேள்வி என்னுடனேயே இருக்கிறது. பதில் உடனே தெரிந்துவிட்டது. ஆனால் அந்தப் பதிலுக்குள் என் பெரியம்மாவின் பத்து ஆண்டுகள் இருப்பதால், ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஒரு வரி இதுதான்: எழுத்தைப் பெரிதாக்க முடிகிறது. கருவியை வாங்கும் நாளில் யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை, நானும் பொருட்படுத்தவில்லை. ஐந்நூறு புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறலாம் என்ற ஆசையில்தான் வாங்கினேன்.

என் பெரியம்மாவைப் பற்றி முன்பும் இரண்டு உரைகளில் சொல்லியிருக்கிறேன். வார இதழ்களில் வந்த தொடர்கதைகளை வாரந்தோறும் பிரித்தெடுத்து, தொடர் முடிந்ததும் பைண்டு செய்து, முதுகில் தன் கையெழுத்தில் கதையின் பெயரை எழுதி அடுக்கி வைத்தவர் அவர்தான். சமையலறையில் ஒரு கையால் துவையலுக்குத் தேங்காயை வதக்கிக்கொண்டே மறு கையில் புத்தகம் பிடித்திருப்பார். அப்படிப்பட்டவர் அறுபத்தெட்டு வயது வாக்கில் படிப்பதை நிறுத்திவிட்டார். எந்த நாளில் நிறுத்தினார் என்று வீட்டில் எவருக்கும் தெரியாது. வயதாகிவிட்டது, நாட்டம் போய்விட்டது, தொலைக்காட்சித் தொடர் போதும் என்றாகிவிட்டது என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். கேட்டால் அவரும் "இனிமே படிச்சு என்னத்தப் பண்ணப் போறேன்" என்றுதான் சொல்வார். அதை நாங்கள் அப்படியே நம்பினோம் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வலிக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு வாரம் அவருடன் தங்க நேர்ந்தது. ஒரு பிற்பகலில் ஊஞ்சலில் உட்கார்ந்து நான் கிண்டில் என்ற என் மின்நூல் கருவியில் படித்துக்கொண்டிருந்தபோது, அது என்னவென்று கேட்டு வாங்கிப் பார்த்தார். முழங்கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார், பிறகு மூக்கருகே கொண்டுவந்தார், "எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருதுடா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் எழுத்தளவை ஒவ்வொரு படியாகக் கூட்டி மீண்டும் அவர் கையில் கொடுத்தேன். திரையில் எட்டு வரிகள்தான் இருந்தன, வரிக்கு மூன்று நான்கு சொற்கள். புருவங்களுக்கிடையே எப்போதும் இருக்கும் மடிப்பு மெல்லத் தளர்ந்தது. உதடுகள் அசையத் தொடங்கின. முதல் பக்கம் முடிந்ததும், தாளைப் புரட்டும் பழக்கத்தில், ஆட்காட்டி விரலை நாக்கில் தொட்டுத் திரையின் ஓரத்தில் வைத்தார், பக்கம் திரும்பியது. நான் உள்ளே போய்க் காபி கலந்து எடுத்து வருவதற்குள் இரண்டாம் அத்தியாயத்துக்குப் போயிருந்தார். அவர் படித்தது பொன்னியின் செல்வன். ஐந்து பாகங்களையும் பைண்டு செய்து தன் அலமாரியிலேயே வைத்திருப்பவர். ஊருக்குக் கிளம்பும்போது கருவியை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். ஐந்து மாதங்களில் ஐந்து பாகங்களையும் முடித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

நம் பேச்சுகளைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு நான் அடிக்கடி சொல்லும் ஒரு செய்தி நினைவிருக்கும்: வாசிப்பு நின்றுபோகும்போது முதலில் மனதைக் குறை சொல்லாதீர்கள், உடம்பைப் பாருங்கள். பெரியம்மாவின் கதை அதற்கு இன்னொரு சான்று. நாற்பது வயதைத் தாண்டியதும் கண்ணின் வில்லை சிறிது சிறிதாக நெகிழ்வை இழக்கிறது; அருகில் உள்ளதன் மேல் பார்வையைக் குவிக்கச் சிரமப்படுகிறது. இதற்கு வெள்ளெழுத்து என்று நம் முன்னோர் வைத்த பெயரைப் பாருங்கள். நோயின் பெயரிலேயே எழுத்து இருக்கிறது! கண் மங்குவதை ஆறு ஏரியை வைத்தோ ஆளின் முகத்தை வைத்தோ சொல்லாமல், எழுத்து வெளுத்துத் தெரிவதை வைத்துச் சொன்னவர்கள் அவர்கள். கண்ணாடி போட்டால் ஓரளவு சரியாகும். ஆனால் அதன் மேல் கண்புரையும் சேர்ந்துகொண்டால் வெறும் அளவு மட்டும் போதாது, எழுத்துக்கும் தாளுக்கும் இடையே கருப்பு வெள்ளை வேறுபாடு நன்றாக இருக்க வேண்டும். பெரியம்மாவின் பைண்டு புத்தகங்களிலோ தாள் பழுத்துச் செம்மஞ்சளாகிவிட்டது. தையல் இறுகியதால் வரிகளின் முனைகள் நடுப்பள்ளத்துக்குள் போய்விட்டன. விரித்துப் பிடிக்க இரண்டு கைகளும் வேண்டும், அவருக்கோ மூட்டுவலி. இத்தனையும் சேர்ந்து அவரை மெல்ல மெல்ல வெளியே தள்ளின. அவர் அதைத் தன் ஆர்வக்குறைவு என்றே எண்ணிக்கொண்டார்.

கைப்பேசியிலும் எழுத்தைப் பெரிதாக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். செய்யலாம். ஆனால் கிண்டில் போன்ற கருவிகளின் திரை வேறு வகையைச் சேர்ந்தது. முடியளவு அகலமே உள்ள நுண்குமிழ்கள் லட்சக்கணக்கில் பரப்பப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் நேர்மின்னூட்டம் கொண்ட வெள்ளைத் துகள்களும் எதிர்மின்னூட்டம் கொண்ட கருப்புத் துகள்களும் தெளிந்த நீர்மத்தில் மிதக்கும். மின்புலத்தின் திசைக்கேற்ப ஏதேனும் ஒரு நிறம் மேலே வந்து நிற்கும். வந்து நின்றபின் அதை அங்கேயே நிறுத்திவைக்க மின்சாரம் தேவையில்லை. பக்கம் திருப்பும்போது மட்டும்தான் தேவை. அறையில் உள்ள வெளிச்சம் அதன்மேல் பட்டுத் திரும்பி வருவதைத்தான் நாம் படிக்கிறோம், தாளில் படிப்பதைப் போலவே. 2007இல் வந்த முதல் கிண்டிலில் விளக்கே கிடையாது. 2012இல் வந்த பேப்பர்வைட் என்ற கிண்டில் வகையில்தான் விளக்கு சேர்ந்தது. அதுவும் ஓரத்திலிருந்து திரையின் மேற்பரப்பில் பரவும் விளக்கு, கண்ணுக்குள் நேராகப் பாய்வதல்ல. மின்நூல் படித்தால் தூக்கம் கெடும் என்று 2014இல் ஓர் ஆய்வு வந்தது, நினைவிருக்கலாம். அதில் பயன்படுத்தியது ஐபேட், அதாவது தானே ஒளி வீசும் திரை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பெரியவர்களுக்கு வாங்கித் தரத் தயங்க வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பெரியம்மாவின் திரையில் வரிக்கு மூன்று நான்கு சொற்களே இருந்தன என்று சொன்னேன் அல்லவா, அதற்கும் ஒரு பொருள் இருக்கிறது. வாசிப்புக் குறைபாடு, அதாவது டிஸ்லெக்சியா உள்ள 103 பள்ளி மாணவர்களை வைத்து அமெரிக்காவில் மேத்யூ ஷ்னெப்ஸ் என்பவரின் குழு ஓர் ஆய்வு செய்து 2013இல் வெளியிட்டது. கையடக்கத் திரையில் வரிக்கு இரண்டு மூன்று சொற்கள் மட்டுமே தெரியும்படி அமைத்துப் படிக்கத் தந்தபோது, அவர்களில் சொற்களைப் பிரித்துப் படிக்க மிகவும் தடுமாறியவர்கள் தாளில் படித்ததைவிட வேகமாகப் படித்தார்கள். ஒரே பார்வையில் சில எழுத்துகளை மட்டுமே பற்றிக்கொள்ளக் கூடியவர்களுக்குப் படித்தது நன்றாகப் புரிந்தது. எல்லோருக்கும் பயன் கிடைத்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. சிலருக்குக் கிடைத்தது, அதுவும் அதிகமாகத் தவித்தவர்களுக்குக் கிடைத்தது. ஷ்னெப்ஸுக்கே டிஸ்லெக்சியா உண்டு. பக்கம் முழுக்க நிரம்பி வழியும் எழுத்து சில கண்களுக்கு ஒரு கூட்ட நெரிசல். வரி குறுகும்போது அந்தக் கூட்டம் கலைகிறது. உங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தும் புத்தகத்தைக் கண்டு ஒதுங்கும் பிள்ளை இருந்தால், திட்டுவதற்கு முன் ஒரு முறை வரியைக் குறுக்கிக் கொடுத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் தமிழ் வாசகர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். எழுத்தளவைக் கூட்டினால் வரிகள் தாமே உடைந்து அமைய வேண்டும் என்றால், அந்தப் புத்தகம் தட்டச்சு செய்யப்பட்ட எழுத்தாக இருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பழைய தமிழ் நூல்களில் பெரும்பகுதி பக்கங்களைப் படமெடுத்த பிடிஎஃப் கோப்புகளே. ஆய்வாளருக்கு அவை பொக்கிஷம். ஆனால் ஆறு அங்குலத் திரையில் அதைத் திறந்தால் எழுத்து இன்னும் சிறுத்துப்போகும், இழுத்துப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். பலர் இதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் "கருவியில் தமிழ் படிக்க முடியாது" என்ற முடிவுக்கு வருகிறார்கள். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இலவசமாகத் தந்தார்களே, அந்த உழைப்பின் முழு அருமை எனக்குப் பெரியம்மாவின் ஊஞ்சலில்தான் விளங்கியது. கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனதும், யாரோ ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் அவற்றைத் தட்டச்சு செய்ததும் சேர்ந்துதான் அந்த எட்டு வரிகளை அவர் முன் கொண்டுவந்து வைத்தன. கிண்டிலை விற்கும் அமேசான் நிறுவனம் 2016இன் இறுதியில்தான் தமிழ் மின்நூல்களை முறையாக விற்கத் தொடங்கியது. அதற்கு முந்தைய கருவிகள் சிலவற்றில் கொம்பு ஓரிடம், மெய் ஓரிடம் என்று சிதறித் தெரிந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் அந்தக் கசப்பிலேயே இருக்கிறார்கள். இப்போதைய கருவியில் ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கருவியின் எடையைப் பற்றியும் ஒரு சொல். 2022இல் வந்த சிறிய கிண்டில் 158 கிராம். பச்சிளங்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, இரவு விளக்கை ஏற்றாமல், ஒரே கையால் பிடித்து அதே கையின் கட்டைவிரலால் பக்கம் திருப்பிப் படித்ததாகவும், பிள்ளை பிறந்த முதல் ஆண்டில் தனக்கென்று மிஞ்சியது அந்த வாசிப்பு ஒன்றுதான் என்றும் நேயர் ஒருவர் எழுதியிருந்தார். இதுவும் நான் சொன்ன அதே செய்திதான். மனம் இருந்தது, கைதான் ஒழியவில்லை.

இழப்பு எதுவும் இல்லையா என்றால், உண்டு. "அந்த வரி இடப்பக்கத்தில் கீழே இருந்தது" என்று கண் வைத்துக்கொள்ளும் நினைவு தாள் புத்தகத்தில்தான் எனக்கு உறுதியாக இருக்கிறது. கருவியில் எல்லாப் பக்கமும் ஒரே பக்கம். எழுத்தளவை மாற்றினால் இருந்த இடமும் மாறிவிடும். மறுபடி மறுபடி போய்ப் பார்க்க வேண்டிய கவிதை நூல்களையும் உரை நூல்களையும் நான் இன்றும் தாளில்தான் வாங்குகிறேன். ஏட்டுச்சுவடிகளில் புள்ளி இடமாட்டார்கள், சொற்களுக்கு நடுவே இடைவெளி விடமாட்டார்கள். பழகிய கண்ணுக்கு மட்டுமே அவை வழிவிட்டன. அச்சு வந்து அந்தக் கதவை அகலத் திறந்தது. எழுத்தளவை வாசகரே மாற்றிக்கொள்வது அந்தக் கதவு இன்னும் ஒரு சாண் திறப்பது என்றே நான் கருதுகிறேன். ஒன்று வந்ததால் மற்றொன்றைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

ஆசிரியை அவர்களே, கருவியால் என்ன நன்மை என்று நீங்கள் கேட்டீர்கள். என் வீட்டில் படித்துக்கொண்டிருந்தவர் ஏன் நிறுத்தினார் என்று கேட்டிருந்தால் நான் இன்னும் மகிழ்ந்திருப்பேன். ஏனென்றால் அந்தக் கேள்வியைப் பத்து ஆண்டுகள் நானே கேட்காமல் இருந்துவிட்டேன். கேள்வியின் இறுதியில், தொண்ணூறை நெருங்கும் உங்கள் தாயாருக்கு வாங்கித் தரலாமா என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வாங்கித் தாருங்கள். அவர் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே, அங்கே உள்ள வெளிச்சத்திலேயே, முதல் நாள் நீங்கள் அருகில் அமர்ந்து அளவைப் பாருங்கள். "தெரிகிறதா அம்மா" என்று கேட்காதீர்கள், தெரிகிறது என்றுதான் சொல்வார். ஒரு பத்தியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, சொற்கள் தடுக்கிக்கொண்டே இருக்கும்வரை ஒவ்வொரு படியாகக் கூட்டிக்கொண்டே போங்கள். பெரியம்மாவுக்கு அது ஒன்பதாவது படியில் நின்றது.