இரண்டு கிலோ கடன்

(நெல் ஜெயராமன் நினைவு நாளில், பென்னாகரம் பக்கத்து விவசாயிகளிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

வரும்போது பஸ்ஸில் ஒருத்தர் கேட்டார்: "ஜெயராமன் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரர். நமக்குக் காவிரி குடிக்கத்தான் வருது, வயலுக்கு வரல. நெல்லுக்காரருக்கு இங்க எதுக்குங்க கூட்டம்?"

நியாயமான கேள்விதான். என் சின்ன வயதில் நெல்லுச்சோறு என்றால் பண்டிகை. மற்ற நாளெல்லாம் களிதானே?

2003-இல் நம்மாழ்வார் ஐயாவோடு பூம்புகாரிலிருந்து கல்லணை வரை நடந்தார் ஜெயராமன். வழியில் விவசாயிகள் கொடுத்த சில பழைய நெல் ரகங்கள்தான் அவர் சேகரிப்புக்குத் தொடக்கம். 2018 டிசம்பர் 6-இல் அவர் மறைந்தபோது அது 174 ரகம். காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா எல்லாம் அதில் அடக்கம். இந்த ரகம் தின்றால் அந்த நோய் போகும் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்களே, அதை நான் சொல்ல மாட்டேன். வைத்தியம் வைத்தியர் பாடு.

நான் பெரிதாக நினைப்பது அவர் போட்ட கணக்கை. திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆதிரெங்கத்தில் வருஷா வருஷம் நெல் திருவிழா நடத்தினார். வருகிறவருக்கு 2 கிலோ விதை. அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்ப வேண்டும். வட்டி ஜாஸ்தி என்று தோன்றும். யோசித்துப் பாருங்கள்: வாங்கினவர்களில் பாதிப் பேர் எட்டிப் பார்க்காமல் போனாலும் கையிருப்பு குறையாது! நம்ம ஜனங்களை நன்றாகத் தெரிந்து போட்ட கணக்கு. விதையைப் பூட்டி வைத்தால் இரண்டு மூன்று வருஷத்தில் முளைப்பு போய்விடும். நாலு பேர் வயலில் இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும். கலந்து முளைத்த வேறு ரகச் செடியைப் பிடுங்கி, நல்ல கதிராகப் பார்த்து எடுத்து வைக்கிற வேலையும் வயலில்தான் நடக்கும்.

இப்போது பஸ்காரருக்குப் பதில். வழக்கமான நடவுக்கு ஏக்கருக்கு 20, 30 கிலோ நெல் விதை கேட்கும். 2 கிலோ வாங்கினவர் ஒரு மூலையில்தான் போட முடியும். கேழ்வரகில்? நாற்று விட்டு நட்டால் 2 கிலோவே ஒரு ஏக்கருக்குப் போதும். ஒரு கிலோவில் மூன்று லட்சம் மணிக்கு மேல் இருக்கும். நெல்லைப் போலவே இதுவும் பெரும்பாலும் தன் பூவிலேயே கருக்கட்டுகிற பயிர். பக்கத்துக் கொல்லையில் வேறு ரகம் இருந்தாலும் அவ்வளவாகக் கலக்காது. அந்த மனிதர் நெல்லுக்குப் போட்ட கணக்கு நம்ம ராகிக்குத்தான் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது!

எங்கள் அம்மா அறுப்புக்கு முன்னாலேயே கொல்லைக்குள் நடந்து, உள்ளங்கை மூடினாற்போல் சுருண்ட கதிராகப் பார்த்துக் கிள்ளி மடியில் கட்டுவார். சாம்பலும் வேப்பிலையும் போட்டு ஒரு மண்பானையில் வைப்பார். நான் பாக்கெட் விதைக்கு மாறினேன். விளைச்சல் கூடத்தான் வந்தது, பொய் சொல்லக் கூடாது. அம்மா இறந்த வருஷம் அந்தப் பானை கண்ணில் பட்டது. நல்ல ராகி வீணாகிறதே என்று அரைத்துக் களி கிண்டித் தின்றுவிட்டோம். ருசியாகத்தான் இருந்தது. மறுநாள்தான் என்ன தின்றோம் என்று புரிந்தது.

அதே மாதிரிக் கதிர் கேட்டு ஏழெட்டு வருஷம் மலையோரம் அலைந்தேன். ஒரு பாட்டி வீட்டில் இரண்டு படி கிடைத்தது. அம்மாவுடையதுதானா என்று சத்தியம் பண்ண முடியாது, கதிர் சுருள்கிறது.

மூன்று போகம் பெருக்கி, இன்றைக்குப் பத்துப் பை கொண்டு வந்திருக்கிறேன். பைக்கு 2 கிலோ. மைக் பக்கத்தில் தம்பி நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார், பேரையும் ஊரையும் எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் இதே நாள், 4 கிலோ.