ஊக்குவித்தல்: ஊஞ்சலில் பிறந்த பொருள்

அவையோருக்கு வணக்கம்.

பிறருக்கு உற்சாகம் ஊட்டுவதைச் சொல்ல இன்று நாம் அதிகம் எழுதுவது 'ஊக்குவித்தல்'. இதன் பகுதி 'ஊக்கு'. கலித்தொகை 37ஆம் பாடலில், ஊஞ்சலாடும் பெண்ணொருத்தி அங்கே வந்தவனிடம் 'ஐய, சிறிதென்னை ஊக்கி' என்கிறாள். கொஞ்சம் ஆட்டிவிடு என்று கேட்கிறாள். அவனும் ஊக்குகிறான். ஆடுபவள் அவள்தான், அவன் சேர்ப்பது விசை மட்டுமே. இந்தச் சொல்லை எங்கே ஆளலாம் என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

குறளில் இதே வினை தனக்குத்தானே நிகழ்கிறது. 'உடைத்தம் வலியறியார் ஊக்கத்தின் ஊக்கி இடைக்கண் முறிந்தார் பலர்' (473). தம் வலிமை அறியாமல் மன எழுச்சியால் முனைந்து இடையிலேயே முறிந்தவர் பலர் என்பது பொருள். இங்கே ஊக்குதல் என்பது ஒருவர் தாமே முனைவது. பிறரை அப்படி முனையச் செய்யும்போது 'வி' என்னும் பிறவினை விகுதி சேர்ந்து 'ஊக்குவி' ஆகிறது. விகுதி ஒட்டுவது 'ஊக்கு' என்ற பகுதியில். 'ஊக்கி' என்ற எச்சத்தில் அல்ல. ஆகவே 'ஊக்கிவித்தல்' பிழை.

வேற்றுமையிலும் தடுமாற்றம் உண்டு. 'மாணவரை ஊக்குவித்தார்' சரி. 'மாணவருக்கு ஊக்குவித்தார்' என்று சிலர் எழுதுவது, 'மாணவருக்கு ஊக்கமளித்தார்' என்ற தொடரின் சாயலால். அளித்தல் என்று வந்தால் பெறுபவர் 'கு' உருபு ஏற்பார். ஊக்குவித்தலுக்கு 'ஐ' வேண்டும். எதற்காக என்பதையும் சேர்க்க வேண்டுமானால் 'எழுத ஊக்குவித்தார்', 'பாட ஊக்குவித்தார்' என்று அமைத்தால் போதும்.

பொருளில் நெருங்கி நிற்கும் சொற்களிடம்தான் கூடுதல் கவனம் தேவை. 'கலவரத்தைத் தூண்டினார்' என்றால் இல்லாத கலவரத்தை அவரே கிளப்பினார். 'கலவரத்தை ஊக்குவித்தார்' என்றால் நடந்துகொண்டிருந்ததற்கு வலுச் சேர்த்தார். குற்றச்சாட்டே மாறிவிடுகிறது! செய்தி எழுதுபவர்கள் இதைப் பொருட்படுத்தியே ஆக வேண்டும். 'உசுப்பேற்றுதல்' வேறு வகை. ஒருவரை, அவருடைய வலிமையைக் கணக்கில் கொள்ளாமல் கிளப்பிவிடுவது அது. 473ஆம் குறள் சொல்லும் முறிவு அங்கே நேரும்.

பாராட்டையும் இதோடு கலந்துவிடுகிறோம். 'சபாஷ்', 'அருமை' எல்லாம் செய்து முடித்ததற்கு உரியவை. ஓட்டப் பந்தயத்தில் மூச்சு வாங்கியபடி கடைசிச் சுற்றில் வருபவருக்கு அவை உதவா. 'விடாதே, இன்னும் கொஞ்சதூரம்தான்' என்று எல்லைக்கு மீதமுள்ள தூரத்தைச் சொல்லிக் குரல் கொடுங்கள்.