கோணல் வீடு

நேயர்களுக்கு வணக்கம். சுவர் விரிசல்களைப் பார்த்துக் காரணம் சொல்வது என் தொழில். எந்தக் கட்டடத்தைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்றார்கள். இன்று இல்லாத ஒன்றைப் பற்றிப் பேசப்போகிறேன்.

இங்கிலாந்தில் டட்லி நகருக்குப் பக்கத்தில் ஹிம்லி என்று ஒரு கிராமம். அங்கே 1765இல் செங்கல்லால் பண்ணைவீடு ஒன்று கட்டினார்கள். 1830 வாக்கில் அது மதுவிடுதியானது. மதுவிடுதி என்றதும் நம் ஊர்க் கடையை நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஊர்க் கிராமங்களில் பப் என்பது நம் டீக்கடை பெஞ்சு மாதிரி. ஊர்வம்பு முழுவதும் அங்கேதான்.

அது நிலக்கரி பூமி. கீழே சுரங்கம் குடையக் குடைய, மேலே இருந்த வீடு ஒரு பக்கமாக இறங்கியது. நம் வீட்டில் அரை அங்குலம் இறங்கினாலே கதவு சாத்த மறுக்கும். கொத்தனாரைத் தேடி ஓடுவோம். இது 4 அடி இறங்கியது. 4 அடி! அப்படியும் விழவில்லை. பெயர்ப்பலகையில் நிலக்கிழார் குடும்பத்தின் பெயரில் ‘கிளின் ஆர்ம்ஸ்’ என்று இருந்தது. ஊர்க்காரர்களோ ‘சைடன் ஹவுஸ்’ என்றார்கள். அவர்கள் பேச்சுவழக்கில் சைடன் என்றால் கோணல். கடைசியில் கோணல் வீடு என்பதே நிலைத்தது.

உள்ளே போனவர்கள் எல்லாரும் சொல்லும் கதை கோலிக்குண்டுக் கதை. மேசையில் குண்டை வைத்தால் அது மேட்டை நோக்கி உருளும். மேட்டை நோக்கி! ஒரு வாய் குடிக்காதவருக்கும் அப்படித்தான் தெரியும். இதற்குப் படம் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். நாம் ஒரு அறைக்குள் நுழைந்ததும் சுவர் நேர், ஜன்னல் நேர் என்று கண் கேட்காமலே நம்பிவிடுகிறது. அங்கே அவை எல்லாமே சேர்ந்து சாய்ந்திருந்தன. ஆகவே உண்மையான சரிவு கண்ணுக்கு மேடாகத் தெரிந்தது. குண்டுக்குக் கண் இல்லை, அது சரியாகத்தான் உருண்டது. சுவரில் இருந்த கடிகாரமும் அப்படியே. அது நேராகத்தான் தொங்கியது. பார்ப்பவருக்கு அதுதான் கோணல்! இதனால்தான் என்னிடம் வேலை கற்ற பையன்களிடம் ஓயாமல் சொல்வேன்: கண்ணை நம்பாதே, ரசமட்டத்தை வை, தூக்குக்குண்டைத் தொங்கவிடு. ரசமட்டத்தின் குமிழ் நடுவில் நின்றால் மட்டம் சரி, குண்டு கட்டிய நூல் தொங்குவதுதான் நேர். திரும்பவும் சொல்கிறேன், கண்ணை நம்பாதே.

1940களில் இது ஆபத்தான கட்டடம், இடிக்க வேண்டும் என்றார்கள். ஒரு மது ஆலை நிறுவனம் அதை வாங்கி, முட்டுச்சுவர் எழுப்பி, இரும்பு உத்தரம் கொடுத்து நிறுத்தியது. எனக்குப் பிடித்தது இதுதான்: யாரும் அதை நிமிர்த்தவில்லை. சாய்வு சாய்வாகவே இருக்க, மேற்கொண்டு சாயாதபடி மட்டும் பிடித்து வைத்தார்கள். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், நிமிர்த்துவதைவிட அது நுட்பமான வேலை. அந்த முட்டுச்சுவரைப் பற்றித் தனியாகவே பேச வந்தேன்... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார். சரி, சுருக்கிவிடுகிறேன்.

2023 ஜூலையில் விடுதி கைமாறியது. ஆகஸ்ட் 5 இரவு தீப்பிடித்தது. தீவைப்பு என்றே காவல்துறை விசாரித்தது. 7ஆம் தேதி இயந்திரத்தை விட்டு முழுவதையும் இடித்துவிட்டார்கள். மாடியில் ஆபத்தான சில பகுதிகளை எடுக்கத்தான் பேச்சு. முழுவதையும் இடிக்க அனுமதி இல்லை என்றது உள்ளாட்சி மன்றம். சுரங்கம் சாய்த்தும் 2023 வரை நின்ற கட்டடம், இரண்டே நாளில் செங்கல் குவியல்.

லண்டனில் 2015இல் இதே போல இடித்த கார்ல்டன் டேவர்ன் என்ற விடுதியைத் திரும்பக் கட்ட வைத்தார்கள். 2021இல் அது திறந்தது. ஹிம்லிக்கும் 2024 பிப்ரவரியில் உத்தரவு வந்தது: மூன்று ஆண்டுக்குள், தீக்கு முன் இருந்தபடியே கட்ட வேண்டும். இருந்தபடியே என்றால் கோணலாக. ரசமட்டத்தில் குமிழ் நடுவில் நின்றால் அந்தக் கொத்தனார் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும். அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு ஆசை. மணி ஆகிவிட்டது, வணக்கம்.