நின்று பார்த்தவருக்கே விடை

(சிங்கப்பூரில் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம்.

ஃபோர்ட் கேனிங் குன்றுக்குப் போகாதவர்கள் இந்த அரங்கில் அதிகம் இருக்க மாட்டீர்கள். இசை நிகழ்ச்சிக்குப் போயிருப்பீர்கள், திருமணப் படம் எடுக்கப் போயிருப்பீர்கள், தோபி காட் பக்கமிருந்து ஆற்றங்கரைக்குக் குறுக்கு வழியாக நடந்திருப்பீர்கள். அங்குள்ள ஒரு கல்லையாவது நின்று வாசித்திருக்கிறீர்களா? நான் பல ஆண்டுகள் வாசிக்காமல்தான் நடந்தேன். என்னை அங்கே நிற்க வைத்தது ஒரு விளையாட்டு. அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

அதன் பெயர் ஜியோகேச்சிங். யாரோ மறைத்துவைத்த பெட்டியை ஜி.பி.எஸ் கருவியின் உதவியால் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு அது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், ஜி.பி.எஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. அதுவரை நூறு மீட்டர்வரை தவறிய கருவி, ஒரே இரவில் ஒரு மரத்தடியைச் சரியாகக் காட்டத் தொடங்கியது. மறுநாளே, மே 3ஆம் தேதி, ஆரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியில் சில பொருள்களையும் ஒரு பதிவேட்டையும் வைத்துக் காட்டோரம் மறைத்தார். அந்த இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இணையத்தில் அறிவித்தார். சில நாள்களுக்குள் ஒருவர் அதைக் கண்டுபிடித்தார். இன்று உலகின் எல்லாக் கண்டங்களிலும் இப்படிப்பட்ட பெட்டிகள் இருக்கின்றன.

இதில் புதிர்ப் பெட்டி என்று ஒரு வகை உண்டு. அதில் இடத்தின் எண்களை நேராகத் தர மாட்டார்கள். விடுகதையை அவிழ்த்தால் ஓர் இலக்கம் கிடைக்கும். எல்லா இலக்கங்களும் சேர்ந்தால்தான் இடம் தெரியும். நம் பாட்டிமார் திண்ணையில் போட்ட விடுகதைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இங்கே விடையைத் தேடி நடந்து போக வேண்டும் என்பது மட்டுமே.

ஃபோர்ட் கேனிங் குன்று முழுவதும் வடக்கு 1 பாகை 17 கலை, கிழக்கு 103 பாகை 50 கலை என்ற கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. கலை என்பது ஒரு பாகையில் (டிகிரியில்) அறுபதில் ஒரு பங்கு. அவ்வளவையும் பிள்ளைகளுக்கு முதலிலேயே கொடுத்துவிடுவேன். கலைக்குப் பின் வரும் மூன்று மூன்று தசம இலக்கங்களை அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கலை, தரையில் ஏறத்தாழ 1,852 மீட்டர். நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழ்கிறோமாதலால் நமக்கு வடக்கிலும் கிழக்கிலும் இந்த அளவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆக, முதல் தசம இலக்கம் 185 மீட்டர், அடுத்தது 18 மீட்டருக்குச் சற்று மேல், கடைசி இலக்கம் இரண்டு மீட்டருக்கும் குறைவு. கணக்கு வகுப்பில் தசமத்தை வெறுத்த பிள்ளை, இங்கே அதைக் காலால் அளந்து புரிந்துகொள்கிறது.

நான் முதலில் அமைத்த வேட்டை தோற்றுப்போனது. கோட்டையைக் கட்டிய ஆண்டு எது, கேனிங் யார், சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் குன்றின்மேல் வீடு கட்டியது எப்போது என்றெல்லாம் கேட்டிருந்தேன். பிள்ளைகள் அடிவாரத்து நிழலில் உட்கார்ந்தபடி கைப்பேசியைத் தட்டி எல்லா விடைகளையும் எடுத்துவிட்டார்கள். ஒருவர்கூடப் படியேறவில்லை. அதிலும் ஒரு குழு கோட்டையின் ஆண்டை 1859 என்றது, இன்னொரு குழு 1861 என்றது. இரண்டும் சரி. 1859இல் பணி தொடங்கியது, 1861இல் முடிந்தது. ஆண்டின் கடைசி இலக்கத்தை இரண்டாம் தசம இடத்தில் போடச் சொல்லியிருந்தேன். ஒன்பதுக்கும் ஒன்றுக்கும் எட்டு வேறுபாடு, நிலத்தில் 148 மீட்டர். நான் நினைத்திராத ஆண்டைப் போட்ட குழு சாலையோரம் போய் நின்றது. வரலாற்றை மங்கலாகக் கேட்டால் பிள்ளைகள் எங்கே போய் நிற்பார்கள் என்பதை அன்று மீட்டர் கணக்கில் கற்றுக்கொண்டேன்.

அதிலிருந்து ஒரே விதியை வைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் நின்று பார்த்தவருக்கு மட்டுமே விடை கிடைக்க வேண்டும்.

இப்போது கோட்டை வாசலுக்கு இப்படி எழுதுகிறேன்: "காக்க வந்த மதில் போனது, காவல் நின்ற வீரன் போனான், போக மனமில்லாத வாசலில் ஆணியை எண்ணு." 1907இல் கோட்டையின் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். எஞ்சியது அந்த வாசலும் சிறிது மதிலும்தான். விடுகதையைக் கேட்ட பிள்ளை 'மதில் ஏன் போனது' என்று தானாகக் கேட்கிறது. அப்போது சொல்லலாம்: இது நகரத்துக்குப் பின்னால் நின்ற கோட்டை, எதிரிக் கப்பல் இதைச் சுட்டால் குண்டு ஊர்மேல் விழும் என்று அந்தக் காலத்திலேயே குறை சொன்னார்கள். கேனிங் யார் என்பதும் அங்கேதான் வரும். இந்தியாவின் தலைமை ஆளுநர் பெயர் சிங்கப்பூர்க் குன்றுக்கு ஏன் வந்தது? 1867 வரை இந்த ஊர் இந்தியாவிலிருந்த ஆட்சியின்கீழ்தான் இருந்தது. குன்றிலுள்ள பழைய கல்லறைத் தோட்டத்தின், கோதிக் என்ற பழைய ஐரோப்பியக் கட்டடப் பாணியில் அமைந்த வாசல்களை வடிவமைத்த கேப்டன் ஃபேபரும் மதராஸ் பொறியாளர் படையிலிருந்து வந்தவர். நாம் கேபிள் கார் ஏறும் ஃபேபர் மலை அவர் பெயரைத் தாங்கியதுதான்.

அந்தக் கல்லறைத் தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச அனுமதியுங்கள். 1865 வரை அங்கே புதைத்தார்கள். அடக்கமானவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் சீனக் கிறிஸ்தவர்கள். பின்னாளில் கல்லறைகளை அகற்றி, எஞ்சிய எழுத்துக் கற்களைச் சுற்றுச்சுவரில் பதித்துவிட்டார்கள். "படுத்திருந்த கல் எழுந்து நிற்கிறது, அதில் மிக இளையவர் வயதைச் சொல்" என்பது என் புதிர். அந்தக் காலத்துக் கற்களில் வயதை ஆண்டு, மாதம், நாள் என்று பிரித்துச் செதுக்கும் வழக்கம் உண்டு. பத்து வயதுப் பையன் ஒருவன் விரலால் வரியைத் தொட்டு வாசித்துக்கொண்டே வந்தவன், ஒரு கல்லில் ஆண்டு என்ற சொல்லே இல்லாததைக் கண்டு நின்றுவிட்டான். மாதமும் நாளும் மட்டும் இருந்தன. "நாள் கணக்கை ஏன் எழுதினார்கள்?" என்று கேட்டான். உடன் வந்த அவன் தாய், "அத்தனை நாளும் எண்ணிக்கொண்டிருந்திருப்பார்கள், கண்ணா" என்றார். அதன்பின் அந்தக் குழு அவசரப்படவே இல்லை. காய்ச்சலும் கடலும் பலரைக் கொண்டுபோன ஒரு துறைமுக நகரத்தைப் பற்றி நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் அந்தக் கல் சொன்னதைச் சொல்லியிருக்க முடியாது.

புதிர் வைக்காத இடமும் ஒன்று உண்டு. பழைய சிங்கப்பூரின் கடைசி அரசர் எனப்படும் இஸ்கந்தர் ஷாவின் அடக்கத்தலம் என்று மலாய் மக்கள் போற்றும் கிராமாத். அங்கே அடங்கியிருப்பவர் அவர்தானா என்பதற்கு உறுதியான சான்று இல்லை. உறுதியில்லாததை இலக்கமாக்கக் கூடாது, மக்கள் தொழும் இடத்தை விளையாட்டாக்கவும் கூடாது. அங்கே குரலைத் தாழ்த்தி நடந்துபோகிறோம், அவ்வளவே.

பெட்டி கிடைத்ததும் பிள்ளைகள் தவறாமல் கேட்பது, "உண்மையான புதையல் இங்கே இருக்கிறதா?" இருந்தது! 1928இல் குன்றின் உச்சியில் நீர்த்தேக்கத்துக்காகத் தோண்டிய தொழிலாளர்கள் கையில் பொன் அணிகள் அகப்பட்டன. பதினான்காம் நூற்றாண்டு ஜாவா பாணியில் அமைந்தவை. அதிலிருந்த தோள்வளையில் காலன் முகம், நம் கோயில்களில் கீர்த்திமுகம் என்று பார்க்கிறோமே, அதன் உறவு. ராஃபிள்ஸ் வருவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஒரு செல்வ நகரம் இருந்ததற்கு அது சாட்சி. குன்றின் அடிவாரத்தில் இருக்கும் தேசிய அரும்பொருளகத்துக்குப் பிள்ளைகளை அப்படியே அழைத்துப் போகலாம்.

கேட்டவுடன் அவர்கள் கை மண்ணை நோக்கிப் போகும். அங்கேதான் கண்டிப்பு வேண்டும். ஜியோகேச்சிங்கில் பெட்டியைப் புதைக்கவே கூடாது, தோண்டி எடுக்கும்படி வைக்கவும் கூடாது. இந்தக் குன்றில் 1984 முதல் தொல்லியலாளர்கள் அகழ்ந்தார்கள். ஓட்டுத்துண்டு எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அவர்களுக்குச் செய்தி. ஒரு பிள்ளை ஆர்வத்தால் கரண்டியை இறக்கினாலும் அடுக்குகள் கலந்துவிடும், பிறகு அந்தத் துண்டு வெறும் ஓடு. பூங்காவை நடத்துபவர்களிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்படி ஒளி ஊடுருவும் டப்பாவாகப் பாருங்கள். பெயர் தெரியாத பெட்டி பொது இடத்தில் கிடந்தால் மக்கள் அஞ்சுவது இயல்பு.

இரும்புக் கதவுக்குப் பின்னால் பூமிக்கடியில் இருக்கும் போர்க்கால நிலவறையை அடுத்த வேட்டைக்கு வைத்திருக்கிறேன். 1942 பிப்ரவரி 15ஆம் நாள், ஜப்பானியரிடம் சரணடைவது என்று பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் முடிவெடுத்த இடம் அது. அதற்கான விடுகதை இன்னும் சரியாக அமையவில்லை. உங்களில் யாருக்காவது தோன்றினால் கூட்டம் முடிந்ததும் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோதிக் வாசலில் இருப்பேன். பிள்ளைகளிடம் பென்சில் கொடுத்து அனுப்புங்கள். மழை வந்தால் பதிவேட்டில் பேனா மை கரைந்துவிடுகிறது.