பாய்மரப் படகின் அடி பெயிண்ட்டை உரிப்பது எப்படி?

[காட்சி: ஸ்டாண்டுகளின் மேல் நிற்கும் பழைய ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகு. அடியில் செதில் செதிலாக உதிரும் பெயிண்ட்.]

வணக்கம். பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க வருஷா வருஷம் பூசிய பெயிண்ட் அடுக்கடுக்காகத் தடித்து, இப்படி உதிர ஆரம்பித்துவிட்டது. இதன்மேல் புதிதாக அடித்தால் அதுவும் சேர்ந்து உதிரும். பழசு இறுகப் பிடித்திருந்தால் லேசாகத் தேய்த்துவிட்டு மேலேயே பூசலாம். இந்த நிலைமைக்கு வந்துவிட்டால் மொத்தமாக உரிப்பதுதான் சரி.

கருவியை எடுக்கும் முன் ஒன்று. இது கடல் உயிர்களைக் கொல்வதற்கென்றே செய்த பெயிண்ட். பெரும்பாலும் செம்பு ஆக்சைடு. 1970களின் படகு என்றால் அடி அடுக்குகளில் டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மமும் இருக்கலாம். பிரான்ஸின் ஆர்க்கஷோன் வளைகுடாவில் அது சிப்பி வளர்ப்பையே நாசமாக்கியது. ஓடுகள் கோணலாகத் தடித்தன, குஞ்சுகள் பிழைக்கவில்லை. 1982இல் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் பிரான்ஸ் அதைத் தடுத்தது. உலகளாவிய தடை நடைமுறைக்கு வர 2008 ஆனது.

அதனால் தூசி பறக்க உலர்வாகத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். சாதாரணத் துணி மாஸ்க் போதாது. ஃபில்டர் வைத்த ரெஸ்பிரேட்டர், கண்ணாடி, முழு உடல் உறை வேண்டும். கீழே தார்ப்பாய் விரியுங்கள். விழுவதையெல்லாம் கூட்டி அள்ளி, அபாயக் கழிவாக ஒப்படைக்க வேண்டும்.

[காட்சி: நெருக்கத்தில் ஸ்கிராப்பர்.]

எனக்குப் பிடித்தது கார்பைடு பிளேடு போட்ட ஸ்கிராப்பர்தான். பிளேடின் இரு முனைகளையும் முதலில் அரத்தால் லேசாக மழுக்குங்கள். கூர்முனை படகில் கோடு கிழிக்கும். இரண்டு கையாலும் பிடித்து, தட்டையாக வைத்து, உங்களை நோக்கி இழுங்கள். நீலம் சுருளாக வரும், அதற்கடியில் கறுப்பு, அப்புறம் சிவப்பு. வெள்ளையோ சாம்பலோ தெரிந்தவுடன் கை நிற்க வேண்டும். வெள்ளை என்றால் அது ஜெல்கோட், அதாவது ஃபைபர்கிளாஸின் மேலுள்ள வழவழப்பான வெளிப்பூச்சு. சாம்பல் என்றால் பெரும்பாலும் எப்பாக்ஸி என்ற நீர்த்தடுப்புப் பூச்சு. ஜெல்கோட் சுமார் அரை மில்லிமீட்டர்தான். கண்ணாடி இழையின் நெசவு தெரிந்தால் எல்லை தாண்டிவிட்டீர்கள். அழுத்தத் தோன்றினால் பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள்.

ரசாயனம் போடுவதென்றால் ஃபைபர்கிளாஸுக்கு உகந்தது என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். மெத்திலீன் குளோரைடு உள்ளது ஜெல்கோட்டையும் இளக்கிவிடும். சோடாத் தூளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி உரிக்கும் சோடா பிளாஸ்டிங் வேகமான வழி, ஆனால் அனுபவசாலியின் கையில் மட்டும்.

ஸ்டாண்ட் மறைக்கும் இடங்கள் மிஞ்சும். ஸ்டாண்டுகளை நீங்களே நகர்த்தாதீர்கள், படகு சாய்ந்துவிடும். யார்டு ஆட்களைக் கூப்பிடுங்கள்.

மிச்சக் கறையை 80ஆம் நம்பர் உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து எடுங்கள். இப்போது ஜெல்கோட்டில் கொப்புளங்கள் தெரிந்தால் பென்சிலால் வட்டம் போட்டு வையுங்கள். குத்திப் பார்த்தால் உள்ளிருக்கும் திரவம் பீய்ச்சியடிக்கும், வினிகர் வாடை வரும், கண்ணாடியைக் கழற்றாதீர்கள்.

[காட்சி: படகின் அடியில் நான்கு பக்கமும் டேப் ஒட்டிய பிளாஸ்டிக் தாள்.]

கடைசியாக, புதிதாக எப்பாக்ஸி பூசும் முன் ஒரு பிளாஸ்டிக் தாளைக் காற்று புகாமல் இப்படி ஒட்டிவிட்டு மறுநாள் பாருங்கள். உள்பக்கம் நீர்த்துளி கட்டியிருந்தால் எப்பாக்ஸி டப்பாவைத் திறக்க வேண்டாம். படகு இன்னும் காய வேண்டும்.