ஆண்டு மொத்தத்தை வைத்து மான் கொம்பைக் கணித்த என் தவறு

வணக்கம். மழை பொய்த்துவிட்டதால் இந்த ஆண்டு வெண்வால் மான்களின் கொம்பு தேறாது என்று சென்ற காணொளியில் நான் அடித்துச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். நேற்று தானியங்கிக் கேமராவின் படங்களைப் பார்த்தேன். அடித்தண்டு பருத்து, கிளைகள் நீண்டு, வளரும் கொம்பைப் போர்த்தியிருக்கும் வெல்வெட் தோல் இன்னும் உரியாத கொம்புகளோடு மூன்று ஆண் மான்கள் நிற்கின்றன.

குற்றவாளி என் மின்னணு மழைமானி. பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஆண்டு மொத்தத்தைத் தவிர வேறெதையும் காட்டாத அந்தப் பெட்டியை எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. நீங்கள் கேலி செய்த பழைய கண்ணாடிக் குழாயும், அதனருகே தொங்கும் குறிப்பேடும்தான் உண்மையைச் சொல்லின: பின்பனியிலும் இளவேனிலிலும் நன்றாகப் பெய்த மழை, முதுவேனிலில்தான் கைவிட்டிருக்கிறது.

ஆண்டுதோறும் விழுந்து புதிதாக முளைக்கும் கொம்பு வளரத் தொடங்குவதே இளவேனிலில்தான். அப்போது பெய்யும் மழையில் முளைக்கும் அகன்ற இலைப் பூண்டுகளில் புரதம் மிகுதி. கொம்பு முழு அளவுக்கு வளர, உணவில் ஏறத்தாழ 16 சதவீதம் புரதம் வேண்டும். கால்சியமும் பாஸ்பரசும் போதாதபோது மான் தன் விலா எலும்பிலிருந்தே கடன் வாங்கிக் கொம்புக்குக் கொடுக்கிறது. ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: கொம்பு எப்போது முளைக்கும், எப்போது விழும் என்பதைப் பகல் நீளம் தீர்மானிக்கிறது, வறட்சி குறைப்பது பெரும்பாலும் அளவைத்தான்.

ஆகவே வேட்டைத் திட்டத்தை மாற்றுகிறேன். பசுமை காய்ந்துவிட்டதால் மான்கள் நீர்நிலையையும் தீவனத் தொட்டியையும் நாடி வரும் என்பதால், பரணை அங்கே நகர்த்துவேன். எங்கும் பச்சை நிறைந்த ஆண்டில் தொட்டியருகே நாள்கணக்கில் உட்கார்ந்தும் வாலைக்கூடப் பார்க்காத அனுபவம் எனக்கு உண்டு. மான் எளிதில் கண்ணில் படுவதால் வறட்சி நல்லது என்பவர்களின் பேச்சு மட்டும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. பாலூட்டும் பெண் மானுக்கு இரை குறைந்தால் குட்டிகள் பிழைப்பது குறையும். அந்த இடைவெளி, கொம்பு முழுமை பெறும் 5 முதல் 7 வயது ஆண் மான்கள் கிடைக்காத ஆண்டுகளாகப் பின்னால் வந்து நிற்கும். எனவே உரிமம் அனுமதிக்கும் பெண் மான்களைப் வேட்டைப் பருவத்தின் தொடக்கத்திலேயே சுட்டு எடுத்து, இருக்கும் மேய்ச்சலின் சுமையைக் குறைப்பேன். இளம் ஆண் மான்களைத் தொடமாட்டேன். படத்திலுள்ள மூன்றில் ஒன்றுக்கு வயிறு தொங்கி, கழுத்து தடித்து, வயது முதிர்ந்ததுபோல் தெரிவதால், அதன் வயதைக் கணித்துவிட்டு அடுத்த காணொளியில் காட்டுகிறேன். அந்த மின்னணுப் பெட்டியைக் கழற்றிவிட்டேன்.