ஆமை ஏன் வாய் திறந்தது?

முன்பள்ளி ஆசிரியைகளே, முதலாம் இரண்டாம் தரங்களில் படிப்பிக்கும் நண்பர்களே, வணக்கம்.

கதை முடிந்த கையோடு நாம் கேட்பது, "இந்தக் கதையின் நீதி என்ன?" பிள்ளைகளும் ஒரே குரலில் சொல்லிவிடுவார்கள். ஆனால் கதை விளங்கியதா என்று அந்தப் பதில் காட்டாது.

பஞ்சதந்திரத்து ஆமையை எடுத்துக்கொள்வோம். குளம் வற்றுகிறது. இரண்டு அன்னங்கள் தடியின் இரு முனைகளைப் பிடிக்க, ஆமை நடுவில் கவ்விக்கொண்டு போகிறது. கீழே சனங்கள் சத்தம் போடுகிறார்கள். ஆவணி வெயிலில் குளம் வற்றுவதை யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு விளக்கத் தேவையில்லை. கவ்வுவதை மட்டும் முன்கூட்டியே செய்து காட்டுங்கள்.

புத்தகத்தை மூடிவிட்டு, முகம் பார்த்துச் சொல்லுங்கள். சனங்கள் சத்தம் போடும் இடத்தில் நிறுத்தி, "இனி ஆமை என்ன செய்யும்?" என்று கேளுங்கள். "அவையளுக்கு ஏசும் டீச்சர்" என்று ஒரு பிள்ளை சொன்னால், "சரி, ஏசினால்?" என்று மட்டும் கேளுங்கள். வாயால்தான் பிடித்திருக்கிறது, பேச வாய் திறக்க வேண்டும். இந்த இரண்டையும் பிள்ளை தானாகவே சேர்க்க வேண்டும். கேட்டு விளங்குதல் நடக்கும் இடம் இதுதான். தயவுசெய்து நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள்!

பொறுத்திருப்பது கடினம்தான். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக 1 விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டார். 3 விநாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன. பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். எனக்கு இதைவிடப் பெரிய கற்பித்தல் உபகரணம் தெரியாது.

"கதை போதும், எழுத்து எப்ப படிப்பிப்பீங்கள்?" என்று பெற்றோர் கேட்பார்கள். 1986இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னதை அவர்களுக்குச் சொல்லுங்கள்: வாசித்து விளங்குவது என்பது எழுத்தைக் கூட்டி வாசிக்கும் திறனையும் கேட்டு விளங்கும் திறனையும் பெருக்கி வருவது. ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம்.

கதை விளங்கியதா என்று பார்க்க, எழுதத் தெரியாத பிள்ளைக்கு எழுத்துப் பயிற்சி வேண்டாம். குளம், தடி, சனங்கள், விழும் ஆமை என்று நான்கு படங்களை ஒழுங்காக அடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், வீட்டில் அம்மம்மாவுக்கு அதே கதையைச் சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள். மறுநாள் வகுப்பிலும் சொல்லட்டும். தடியை மறந்துவிட்டுச் சொல்லும் பிள்ளைக்குத்தான் இன்னொரு தடவை கதை வேண்டும்.